சுன்னாகத்துச் சந்தையும் அரைச் சுண்டு அரிசியும்

 

பயணக் கட்டுரை என்றால் கோட்டை, கடற்கரை, பழைய பள்ளிவாசல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இம்முறை உங்களை நான் அழைத்துப் போவது ஒரு மரக்கறிச் சந்தைக்கு. அங்கிருந்து ஓர் அடுப்படிக்கு. அந்த அடுப்படியில் ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரே ஒரு பீங்கான்தான் இருக்கும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் மனிதர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. "பாவம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அவர்களோ நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். சற்று நின்று அவர்களைப் பார்ப்போமே!

சந்தைக்குப் போகும் வழி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே சுமார் 10 கிலோமீற்றர் போனால் சுன்னாகம் வந்துவிடும். கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வழி நெடுகப் பனையும் வேலியும் கிணறும். மண் செம்மண். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளைகிற வலிகாமத்து மண் அது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊரின் பெயர் பழக்கமானதே. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் (1854-1922) இங்கே பிறந்தவர். முருகேச பண்டிதரின் பெயரும் இவ்வூரோடு சேர்த்தே சொல்லப்படும். ஊரை ஒட்டியே கந்தரோடை இருக்கிறது. அங்குள்ள சிறிய கல் தூபிகளைப் பார்க்கப் பலரும் வருகிறார்கள். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே சோதனை அகழ்வு செய்தபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செம்மண்ணில் மனிதன் சட்டி வைத்துச் சமைத்து உண்டிருக்கிறான் என்பதற்கு அந்த உடைந்த ஓடுகள் சாட்சி. அரசுகள் வந்து போயின. மிஞ்சியது சமையற் சட்டியின் ஓடு!

சந்தைக்குள் வருவோம். குடாநாட்டின் பெரிய மரக்கறிச் சந்தைகளில் சுன்னாகமும் ஒன்று. விடியும் முன்பே தோட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள். கத்தரிக்காய், பயிற்றங்காய், பாவற்காய், புடோலங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்காய், பிடி பிடியாகக் கீரை, குலை குலையாக வாழை. கப்பல் பழமும் இதரைப் பழமும் வாசத்தாலேயே தம் பெயரைச் சொல்லும். குடும்பத்துக்கு வாங்குகிறவர் ஒரு பையை நிரப்பிக்கொண்டு போவார். கடைக்காரர் குலையாக வாங்கி லொறியில் ஏற்றுவார்.

இவர்களுக்கு நடுவே இன்னொரு வகையினரும் உண்டு. கையில் சின்னப் பை. கண்ணில் ஒரு தயக்கம். ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். கால் கிலோ கேட்பதா, அதற்கும் குறைவாகக் கேட்டால் சிரிப்பார்களா என்று யோசிப்பார். இந்தச் சந்தையில் யாரும் சிரிப்பதில்லை. கத்தரிக்காய் விற்கும் அம்மா, "ஒரு ஆளுக்கோ ஐயா? அப்ப இவ்வளவு காணும்" என்று இரண்டு காயையும் நான்கு பச்சை மிளகாயையும் சேர்த்து நிறுத்துத் தந்துவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் 'காணும்' என்றால் 'போதும்' என்று பொருள். தனியாக வாழ்கிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல்லும் இதுதான். எவ்வளவு காணும் என்று தெரிந்தால் அரைச் சமையல் முடிந்த மாதிரி.

தனியாக இருப்பவர்கள் யார்?

இந்தக் குடாநாட்டில் வீடுகள் எப்படி ஒற்றை ஆளின் வீடுகளாயின என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் சமுதாயம் அதில் ஒரு பக்கத்தை நன்றாக அறியும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30ஆம் நாள். இரண்டு மணி நேர அவகாசம். அடுப்பில் வைத்ததை இறக்காமலேயே போனவர்கள் உண்டு. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள். பெரும்பாலோருக்குப் புத்தளம் தஞ்சமளித்தது.

ஐந்தே ஆண்டுகள். 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30. இம்முறை சுன்னாகம் உட்பட வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். இராணுவம் முன்னேறி வந்துகொண்டிருந்த நேரம். மழை வேறு. 1996இல்தான் அவர்களில் பலர் திரும்பினார்கள். திரும்பி வந்த வீட்டில் முதலில் செய்தது என்ன? கிணற்றை இறைத்தார்கள், அடுப்பை மூட்டினார்கள். கூரையில் ஓடு இல்லாவிட்டாலும் அடுப்பில் புகை எழுந்தால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அயல் அறியும்.

2009இல் போர் முடிந்த பின் நம்மவர்களும் சிறுகச் சிறுகத் திரும்பினார்கள். எப்படித் திரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஆண்கள் முதலில் தனியே வந்தார்கள். வீடு இடிந்து கிடந்தது. பிள்ளைகள் புத்தளத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். படிப்பைக் குழப்ப மனமில்லை. கடையின் பின்னறையிலோ கூரை போட்ட ஒரு மூலையிலோ ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. கிழமைக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை புத்தளம் பஸ். இப்படி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் பலர். மனைவி மக்கள் இருந்தும் அன்றாட வாழ்வில் அவர்கள் தனிக்கட்டைகள்தாம்.

இன்னொரு பக்கம், பிள்ளைகளைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிவிட்டுப் பெரிய நாற்சார வீட்டில் தனியே இருக்கும் முதிய தாய்மார். போரில் கணவனை இழந்தவர்கள். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள். சீதனம் சேராததால் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு பெற்றோரும் மறைந்து, தனியே நின்றுவிட்ட பெண்கள். இந்தக் கடைசி வகையினர் நம் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மார்க்கத்தில் கைக்கூலி கேட்டு நின்றதால் எத்தனை வீடுகளில் ஒற்றைப் பீங்கான் மிஞ்சியது என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒருத்திக்காகவா?"

இவர்களில் பலரிடமும் ஒரே வார்த்தையைக் கேட்கலாம். "எனக்கு ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவதா?" ஆண்களானால், "நான் ஒருத்தன்தானே, எதையாவது தின்றால் போச்சு!"

கேட்பதற்கு எளிமை போலவும் தியாகம் போலவும் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. காலையில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் கடைப் பார்சல் பாதி. இரவில் பாண் துண்டு, சில நாள் அதுவும் இல்லை. நாற்பது வருடம் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்ட தாய், தனக்கென்று ஒரு கைப்பிடி பருப்பு அவிக்க மாட்டேன் என்கிறாள். பிறருக்காகச் சமைத்த கை தனக்காக நீள மறுக்கிறது. முதலில் அடுப்பு அணைகிறது. பிறகு பசி மங்குகிறது. உடம்பு தளர்கிறது. "எனக்கு என்ன இருக்கிறது?" என்ற எண்ணம் அந்த இடைவெளியில் வந்து குந்திக்கொள்கிறது.

உடம்பு நம் சொத்து அன்று; அமானிதம். உம்முடைய உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தை, இடைவிடாது நோன்பு நோற்ற ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். தனியாக இருக்கிறோம் என்பதற்காக அந்த உரிமை குறைந்துவிடுவதில்லை.

அரபுக் கல்லூரியில் தஃப்ஸீர் பாடத்தில் படித்த ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. அரபுகளில் கினானா கோத்திரத்தின் ஒரு கிளையார் தனியே சாப்பிடுவதைப் பெரிய இழுக்காகக் கருதினார்கள். கூட உண்ண ஆள் கிடைக்கும் வரை, மடி நிறைந்த ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு பசியோடு அலைவார்களாம். ஸூரத்துந் நூரின் 61ஆம் வசனம் இந்தச் சிரமத்தை நீக்கியது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். கூடியும் உண்ணலாம், தனித்தும் உண்ணலாம். இரண்டிலும் தவறில்லை என்ற கருத்து அதில் வருகிறது.

தனியே உண்பவரை வெட்கத்திலிருந்து விடுவிக்க வேதத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பாருங்கள்! அப்படியிருக்க நாம் ஏன் தனியே சாப்பிடும் மனிதரை ஒரு குறையைப் பார்ப்பது போல் பார்க்க வேண்டும்? அவரும் ஏன் தம் சோற்றுக்காகக் கூச வேண்டும்?

நம் பழக்கம் வேறு வகையானது என்பது உண்மைதான். நாம் சஹனைச் சுற்றி ஐந்தாறு பேராக அமர்ந்து உண்ட சமுதாயம். யாழ்ப்பாணத்தாரின் ஒடியல் கூழும் அப்படியே. மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் மரவள்ளியும் சேர்ந்து ஒரு பெரிய பானை நிறைய வேண்டும்; சுற்றி ஆட்கள் வேண்டும். ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்ச முடியாது. சஹனும் கூழும் கூட்டத்துக்கென்றே பிறந்த உணவுகள். அவற்றை அந்த நாளுக்கு விட்டுவிடுவோம். மற்ற நாட்களுக்கு என்ன செய்வது?

முதலில் தண்ணீர்

சமையல் தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். அதனால்தான் சுன்னாகத்துக்கு நேர்ந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் இவ்வூர்ச் சமையலைப் பற்றி எழுத முடியாது. மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையானது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றை மூடிவைத்துவிட்டு, வாகனத்தில் வரும் தண்ணீருக்காக மக்கள் காத்திருந்தார்கள். வழக்கு நடந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் மாறி ஒருவர் போய்த் தண்ணீர் எடுக்கலாம். தனியே இருக்கும் எழுபது வயதுத் தாய் என்ன செய்வார்? 2022இல் நாடெங்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற நாட்களிலும் இதே கேள்விதான். வரிசையில் இடம் பிடித்து வைக்க வீட்டில் இன்னொருவர் இல்லாதவர் அதிகம் துன்பப்பட்டார். விறகடுப்பைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆகவே தனியே வாழ்பவர் எரிபொருளிலும் தண்ணீரிலும் ஒரு கிழமைக்கு முன்யோசனையோடு இருப்பது நல்லது. எரிவாயு பாவிப்பவருக்கு 12.5 கிலோ சிலிண்டர் தூக்கவே முடியாத பாரம். இலங்கையில் 5 கிலோ, 2.3 கிலோ சிலிண்டர்களும் விற்கப்படுகின்றன. ஒரு ஆளுக்கு அவையே வசதி.

அரைச் சுண்டு

இனி அடுப்படிக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்து அடுப்படியில் அளவுக்கோல் சுண்டு. அதாவது ரின்பால் பேணி. நான்கு சுண்டு ஒரு கொத்து. கூட்டுக் குடும்பங்களில் கொத்துக் கணக்கில் அரிசி போட்டார்கள். தனி ஆளுக்கு ஒரு வேளைக்கு அரைச் சுண்டு காணும். இதை எழுதி அரிசி வாளியின் மூடியில் ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. தனியாகச் சமைக்கத் தொடங்குகிறவர் அதிகம் வீணாக்குவது அரிசியைத்தான். கை பழைய அளவையே தேடும்.

அரைச் சுண்டு சிவப்பரிசியைக் கழுவி, அதைப்போல் இரண்டரை மடங்கு தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றுங்கள். நன்றாகக் கழுவிய ஒரு உருளைக்கிழங்கையோ ஒரு முட்டையையோ அதே பானையில் போட்டுவிடுங்கள். சோறு வேகும்போது அதுவும் வெந்துவிடும். ஒரு அடுப்பு, ஒரு பானை, இரண்டு வேலை. வெந்த கிழங்கை உரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தால் ஒரு கறி ஆயிற்று.

அடுப்புத் தணல் இருக்கிறதா? சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் ஒன்றைத் தணலில் புதைத்துச் சுடுங்கள். எரிவாயு அடுப்பின் சிறு தீயிலும் பிடித்துச் சுடலாம். தோல் கருகி உள்ளே குழைந்ததும் உரித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலும் விட்டு மசித்து, கடைசியில் தேசிக்காய் பிழியுங்கள். சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். பத்துப் பேருக்கென்றால் பத்துக் காயைச் சுட்டு உரிக்க வேண்டும், பெரிய வேலை. ஒரு ஆளுக்கு ஒரே காய். தனிமைக்கும் சில சலுகைகள் உண்டு!

பருப்பு இன்னும் எளிது. ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பு, மூழ்கத் தண்ணீர், சிறிது மஞ்சள், நறுக்கிய வெங்காயம், இரண்டு பூண்டுப் பல், ஒரு பச்சை மிளகாய். கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். உப்பும் இரண்டு கரண்டி கெட்டிப் பாலும் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள்.

கீரை ஒரு பிடி வாங்கினால் ஒரு ஆளுக்கு ஒரு வேளை வறை. முருங்கையிலையோ பொன்னாங்காணியோ எதுவானாலும் கழுவி அரிந்து, வெங்காயம், மிளகாயோடு சட்டியில் போட்டு, சிறிது தண்ணீர் தெளித்து மூடுங்கள். வதங்கியதும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிரட்டினால் முடிந்தது.

இரவுக்குச் சொதி. இடியப்பத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தனி ஆள் இடியப்ப உரலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சொதியை மட்டும் வீட்டில் வையுங்கள். வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள் - இவற்றைத் தண்ணீர்ப் பாலில் அவித்து, பிறகு கெட்டிப் பால் விட்டுத் திரையாமல் கலக்கி, ஒரு கொதி வர இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப்புளி. அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும்.

புட்டு வேண்டுமா? அரிசி அளந்த அதே சுண்டுதான் இங்கும் கருவி. வறுத்த அரிசிமாவில் அரைச் சுண்டு எடுத்து, உப்பிட்டு, கொதித்த தண்ணீர் விட்டுக் குழைத்து, பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்தி உதிர்க்க வேண்டும். தேங்காய்ப்பூ கலந்து, பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் இட்டு ஆவியில் அவித்தால் பத்து நிமிடம். சின்ன நீத்துப்பெட்டி ஒன்று போதும். மாம்பழக் காலமானால் புட்டோடு ஒரு கறுத்தக்கொழும்பான். மற்றக் காலத்தில் ஒரு கப்பல் பழம். அதற்கு மேல் கறி எதற்கு?

தேங்காய்தான் தனி ஆளுக்குச் சிக்கல். ஒன்றை உடைத்தால் பாதி மிஞ்சும். உடைத்த அன்றே முழுவதையும் திருவி, ஒரு பிடி சம்பலுக்கும் ஒரு பங்கு பாலுக்கும் எடுத்து, மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் உறைய வையுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சமைத்ததைச் சட்டியில் வைத்தபடியே நின்றுகொண்டு தின்னாதீர்கள். பீங்கானில் போடுங்கள். உட்காருங்கள். பிஸ்மி சொல்லுங்கள். விருந்தாளிக்கு எப்படிப் பரிமாறுவீர்களோ அப்படி உங்களுக்கும் பரிமாறுங்கள்.

தனித்திருத்தல் பற்றிச் சில வார்த்தைகள்

திருமணம் நபிவழி. அதில் இரண்டு கருத்தில்லை. வசதியும் வாய்ப்பும் உள்ளவர் அதைத் தட்டிக்கழிப்பதை நம் மார்க்கம் விரும்பவில்லை. ஆனால் தனியாக இருப்பவர் எல்லாரும் தட்டிக்கழித்தவர்கள் அல்லர். விதி, போர், வறுமை, நோய், கடமை என்று காரணங்கள் பல. கல்யாண வீட்டில் அவர்களைப் பிடித்து நிறுத்தி "எப்போது உனக்கு?" என்று கேட்பது அன்பாகாது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 631இல் பிறந்து 676இல் மறைந்தவர்கள். ஏறத்தாழ நாற்பத்தைந்து வருட வாழ்வு. மணம் முடிக்கவில்லை. டமாஸ்கஸில் மதரஸா அறையில் தங்கி, நாளுக்கு ஒரு வேளை எளிய உணவு உண்டு, உலகம் இன்றும் ஓதுகிற நூல்களை எழுதினார்கள். இப்னு தைமிய்யா, அதற்கு முன் தபரீ, ஸமக்‌ஷரீ ஆகியோரும் மணமாகாதவர்களே. இத்தகைய அறிஞர்களைப் பற்றி அலெப்போவின் ஷைக் அப்துல் ஃபத்தாஹ் அபூ குத்தா (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். அந்நூலாசிரியர் குடும்பஸ்தர். தனிமையைப் போற்றி மணவாழ்வை இகழ்வதற்காக அவர்கள் எழுதவில்லை. ஒற்றை வாழ்விலும் காலம் வீணாகாமல் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆண்களுக்கு இன்னொரு சொல். சமையல் பெண் வேலை என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் திரும்பிய நம் சகோதரர்களில் பலர், ஐம்பது வயதுக்குப் பிறகு முதல் தடவையாக அகப்பை பிடித்தார்கள். உம்மாவும் மனைவியும் இத்தனை காலம் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போதுதான் விளங்கியதாம். மகன்மாருக்கு வீட்டிலேயே பருப்பு அவிக்கப் பழக்கிவிடுங்கள். நாளை அவன் எங்கே தனியே இருக்க நேருமோ, யார் அறிவார்? மனைவி நோயில் படுத்தால் அவனுக்கே அது உதவும்.

வேலிக்கு அப்பால் ஒரு பங்கு

இப்போது தேங்காயின் மறு பாதிக்கு வருகிறேன். குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனிக்க வேண்டும் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை சொன்ன செய்தி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இந்த உபதேசம் யாருக்கு என்று எண்ணிப் பாருங்கள். அபூதர் (ரலி) அவர்கள் பற்றற்ற எளிய வாழ்வுக்குப் பேர்போனவர்கள். பிற்காலத்தில் மதீனாவுக்கு வெளியே ரபதாவில் ஒதுங்கி வாழ்ந்து அங்கேயே மறைந்தவர்கள்.

தனியாகச் சமைப்பவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அரைத் தேங்காயை அயல் வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த முறை அவர்கள் உடைக்கும்போது உங்களுக்குப் பாதி வரும். நீங்கள் வைத்த சொதியில் ஒரு கிண்ணம் வேலிக்கு அப்பால் போகட்டும். வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் இல்லை, நம்மிடமும் இல்லை. முருங்கைக்காயோ நான்கு பச்சை மிளகாயோ அதில் வைத்துத்தான் வரும். 1990இல் நம்மவர்கள் விட்டுப் போன வீடுகளின் அயலில் இருந்தவர்களும், 2009க்குப் பின் நம்மவர்கள் திரும்பி வந்தபோது பக்கத்தில் இருந்தவர்களும் தமிழ்ச் சகோதரர்களே. பேச்சில் எளிதாக ஆறாத சில காயங்களைக் கிண்ணங்கள் மெல்ல ஆற்றுகின்றன.

பெரிய குடும்பமாக வாழும் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உங்கள் தெருவில் தனியே இருப்பவர் யார் என்று இன்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தினமும் சாப்பாடு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அது சில நாளில் பாரமாகிவிடும், அவருக்கும் கூச்சமாகிவிடும். சந்தைக்குப் போகும்போது "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு வேளை உங்கள் சஹனில் அவருக்கும் இடம் விடுங்கள். சில நாள் அவர் சமைத்ததை நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள். தன் கையால் ஒருவருக்குச் சோறு போடும் சந்தோஷத்தை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

போருக்காக 1990இல் நின்றுபோன புகையிரதம், 2015 ஜனவரியில் சுன்னாகத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்டால் இரயில் வந்துவிடும். ஆனால் ஓர் ஊர் முழுமையாகத் திரும்பி வருவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆளாக இருந்தாலும் சரி.

ஆகவே, தனியே இருக்கும் சகோதரனே, சகோதரியே! இன்று அரைச் சுண்டு அரிசி போடுங்கள். ஒரு கத்தரிக்காயைச் சுடுங்கள். உங்கள் ஒருவருக்காகத்தான். அது காணும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், தனித்திருப்போரின் உணவிலும் உடலிலும் பரக்கத்துச் செய்வானாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.